ஐநூறு கஜத் தூண்

இப்போதெல்லாம் மனிதர்கள் கண்ணை முகத்துக்கு ஓர் அலங்காரமாகத்தான் வைத்திருக்கிறார்கள். மழை பெய்கிறதா என்று கேட்டால், சட்டை நனைந்துகொண்டிருக்கும்போதே கையிலிருக்கும் பேசியைப் பார்த்துவிட்டு இல்லை என்கிறான். போன வசந்தத்தில் ஒருவன் என் வீட்டு வாசலில் நின்றுகொண்டு ஐனர் வீடு எங்கே என்று என்னையே கேட்டான். இதுதான் என்றேன். அவன் கருவி இன்னும் முந்நூறு கஜம் போகச் சொல்கிறதாம். சரி, போ என்றேன். அங்கே என் சாணிக்குழி இருக்கிறது.

அவனை விடுங்கள். அவன் வெளியூர்க்காரன். எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு எழுபத்தாறு வயது. படிப்பு எட்டாவதோடு சரி. மொன்டானாவின் இந்தப் பகுதியில் கண்ணுக்குத் தெரிகிற முள்கம்பி வேலியில் பாதி நான் போட்டது. முப்பத்தாறு வருடமாக, பெருங்கொம்பன் என்று நாங்கள் சொல்லும் மலையாட்டை வேட்டையாட அரசாங்கக் குலுக்கலில் மனுப் போட்டுவந்தேன். வருடத்துக்குப் பத்தோ பன்னிரண்டோ பேருக்குத்தான் சீட்டு விழும். இந்த வருடம் எனக்கு விழுந்தது. ஒரு ஆடு, ஒரு வேட்டைக்காலம், நவம்பர் முப்பதோடு முடிந்தது. ஜனவரியில் இரண்டு முழங்காலையும் மாற்றப்போவதாக டாக்டர் நாள் குறித்திருக்கிறார். அதற்கப்புறம் மலை ஏறுவது பற்றிக் கேட்டதற்கு அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். ஆக, இந்த வருடம் இல்லையென்றால் இல்லை.

மலை எல்லோருக்கும் பொது. ஆனால் மலைக்குப் போகும் ஒரே பாதை முந்நூறு அடி நீளத்துக்குப் பிட்டர் க்ரீக் நெடுந்தூர வேட்டையாளர் சங்கம் குத்தகைக்கு எடுத்த நிலத்தின் வழியாகப் போகிறது. அங்கே ஓர் இரும்புக் கதவு. கீல் கொஞ்சம் சாய்ந்திருப்பதால் விட்டால் தானாகத் திறந்துகொள்ளும். அதனால் சங்கிலி போட்டு, சங்கிலியில் ஒரு பூட்டு. சாவி சங்கத்தில்.

சங்கத்தைத் தொடங்கிய ஹார்லன் இருந்தவரை சாவி ஒரு ஆணியில் தொங்கும், வேண்டியவன் எடுத்துக்கொள்வான். கதவுக்குப் பக்கத்தில் அவர் எழுதி வைத்த பலகை இன்னும் இருக்கிறது. மூன்றே வரி: மூடியிருந்தால் மூடியே விடு. திறந்திருந்தால் திறந்தே விடு. தலைவர் தன் கையால் திறந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் திறந்தது. சங்கத்துக்கு அப்போது இருந்த சட்டமே அவ்வளவுதான். இப்போது நூற்றுப் பதினெட்டுப் பக்கம், முதல் பக்கத்தில் மட்டும் அதே மூன்று வரி.

இப்போதைய தலைவர் லைல் பிராடாக். கடற்கரை நகரத்தில் வீட்டுமனை விற்றுவிட்டு ஓய்வுக்கு வந்தவர். வாழ்நாள் முழுவதும் நிலத்தை விற்றவர், ஒருநாளும் அளந்தவர் இல்லை. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். நன்றாகச் சுடுவார். அது எனக்குப் பின்னால் உபயோகப்பட்டது.

செப்டம்பரில் சாவி கேட்கப் போனேன். செயலாளர் டார்லீன் ஒரு தாளை நீட்டினாள்.

"சங்கம் அங்கீகரிச்ச தூரமானி இருந்தாத்தான் சாவி, கண்ணு. தீர்மானம் பதினாலு."

"தூரமானியா?"

"லேசர்ல தூரம் அளக்கற கருவி. கண்ணுல வெச்சு அமுக்கினா ஆடு எத்தன கஜத்துல நிக்குதுன்னு சொல்லிடும்."

"நான் ஆட்டுக்கு எரநூறு கஜம் வரைக்கும் பக்கத்துல போய்டுவேனே. எனக்கு எதுக்கு?"

"பக்கத்துல போறது நெடுந்தூர வேட்டை இல்லையே, கண்ணு. எங்க பேரே நெடுந்தூரம்."

சரி, ஒரு கருவிதானே என்று வேட்டைச் சாமான் விற்கும் க்ளைட்டின் கடைக்குப் போனேன். ஒரு சுவர் முழுக்கத் தூரமானி. பெட்டிக்குப் பெட்டி, இரண்டாயிரம் கஜம், நாலாயிரம் கஜம் என்று கொட்டை எழுத்து. க்ளைட் நல்லவன். பொய் சொல்லும்போது காது சிவந்துவிடும்.

"நாலாயிரம் கஜத்துல இருக்கற மானைக் காட்டுமா?" என்றேன்.

காது சிவந்தது. "அது பளபளன்னு இருக்கற பலகைக்கு. மானோட தோலுக்குன்னா அதுல மூணுல ஒரு பங்குகூடத் தேறாது."

"அப்ப அதை ஏன் போட்டிருக்கான்?"

"மானா வந்து பெட்டியைப் படிக்கப்போகுது?"

அவன் பத்துப் பன்னிரண்டை எடுத்து வைத்தான். ஒன்று முன்னால் ஆடும் புல்லை அளந்துவிட்டுப் பின்னால் நிற்கும் மாட்டை மறந்துவிட்டது. ஒன்று மாட்டை விட்டுவிட்டு அதற்குப் பின்னாலிருந்த மலையை அளந்தது. ஒன்றில் எண்கள் கறுப்பு. அந்தி நேரத்தில் இருட்டான மரத்தின் மேல் கறுப்பு எண்ணை எவன் படிப்பான்? ஒன்று சரிவுக்கும் காற்றுக்கும் குளிருக்கும் கணக்குப் போட்டு, எங்கே குறி வைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தது. எனக்கு யாரும் சொல்லித் தந்து பழக்கமில்லை. அதைத் திருப்பிக் கொடுத்தேன்.

கடைசியில் நாலைக் கடன் வாங்கி என் வேலிக்குக் கொண்டுபோனேன். எங்கள் தொழிலில் ஒரு விஷயம் எவனுக்கும் தெரியும். முள்கம்பி ஒரு சுருள் என்றால் நானூற்று நாற்பது கஜம். என் தாத்தா காலத்திலும் அதேதான். என் தெற்கு வேலி மூலைக்கு மூலை சரியாக ஒரு சுருள். மூலைக் கம்பத்தில் சாய்ந்து மறுமூலைக் கம்பத்தை அளந்தேன். ஒன்று 452 என்றது. ஒன்று அமுக்குகிற ஒவ்வொரு தடவையும் ஒன்று சொன்னது. ஒன்று ஒன்றுமே சொல்லவில்லை. நாலாவது 440 என்றது. பத்துத் தடவை அமுக்கினேன். பத்துத் தடவையும் 440. சிவப்பு எண். கையுறையோடு அமுக்க முடிந்தது. புல்லை விட்டுவிட்டுக் கம்பத்தைப் பிடித்தது. அதை வாங்கிக்கொண்டேன்.

தூரமானி வாங்க வேண்டியவன் செய்ய வேண்டியது அவ்வளவுதான் என்று அப்போது நினைத்தேன்.

அங்கீகாரம் என்பது ஒரு சடங்கு. அக்டோபர் முதல் சனிக்கிழமை. சங்கத்தின் சுடுகளத்தில் ஒரு தட்டைப் பாறை. அங்கிருந்து பார்த்தால் ஓடைக்கு அந்தப் பக்கம் வெள்ளையடித்த ஒரு மரத்தூண், பக்கத்தில் இரும்பில் வெட்டிய எல்க் மான். அதுதான் ஐநூறு கஜத் தூண். அதைப் பார்க்கும்போது தொப்பியைக் கழற்ற வேண்டும் என்பது இருபத்திரண்டாம் பக்கம்.

அளவை அலுவலர் என்று ஒருவர், டிரென்ட். முன்னாள் டிராக்டர் விற்பனையாளர். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு என் கருவியை வெல்வெட் துணியில் வைத்து வாங்கினார். தூணைப் பார்த்தார். அமுக்கினார். முகம் சுருங்கியது.

"547."

கூடியிருந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். டார்லீன் எழுதிக்கொண்டாள்.

"பிழை, நாப்பத்தேழு கஜம்," என்றார் டிரென்ட். "நிராகரிக்கப்படுது. அடுத்தது."

அடுத்தவன் கொண்டுவந்தது என்னுடையதைவிட மூன்று மடங்கு விலை. 547. அதற்கடுத்தவன், 547. சுரங்கத்தில் வேலை செய்கிற ஒருத்தி சுரங்கக் கம்பெனியின் அளவைக் கருவியையே கொண்டுவந்திருந்தாள். 547. எல்லாவற்றிலும் ஒரே பிழை, அதுவும் ஒரே அளவு. அதைப் பார்த்து லைல் தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்:

"இந்தக் காலத்துக் கம்பெனிங்க எவ்வளவு கூட்டா ஏமாத்தறாங்க பாருங்க."

கடைசியில் டிரென்ட் ஒரு பச்சைப் பெட்டியைத் திறந்து சங்கம் அங்கீகரித்த கருவியை எடுத்தார். எங்கோ வெளிநாட்டில் செய்தது. தூணைப் பார்த்து அமுக்கினார். "500," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் அதை வாங்கிப் பார்த்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் மீட்டர் என்று காட்டியது. ராணுவத்தில் இரண்டு வருடம் ஜெர்மனியில் இருந்தவன் நான். மீட்டர் கஜத்தைவிட நாலு விரல் நீளம் என்று தெரியும்.

"இது மீட்டர்ல இருக்கு, லைல்," என்றேன்.

"இந்த மாவட்டத்துல மீட்டர்னு ஒண்ணு கிடையாது ஐனர். கிடையாதது எப்படி அதுல இருக்கும்?"

"அப்ப தூண் ஐநூறு கஜத்துல இல்ல."

டார்லீனின் பேனா நின்றது.

லைல் பாறைமேல் ஏறினார். அவருக்கு உயரமான இடம் கிடைத்தால் பேச்சு தானாக வரும். "நண்பர்களே, ஒரு கருவி உண்மையைச் சொல்லுதான்னு பாக்கறது நம்ம வேலை இல்ல. அது நம்ம தூணோட ஒத்துப்போகுதான்னு பாக்கறதுதான் நம்ம வேலை. உண்மை ஆளுக்கு ஆள் மாறும். தூண் நாப்பத்தஞ்சு வருஷமா அதே இடத்துல நிக்குது."

அது அதே இடத்தில்தான் நிற்கிறது. எனக்குத் தெரியும். அந்தக் குழியைத் தோண்டியவன் நான்.

ஹார்லனும் நானும் பாறையிலிருந்து ஒரு சுருள் கம்பியை இழுத்துப் போனோம். நானூற்று நாற்பது. மேலே அறுபது கஜம் இழுத்தபோது மரத்தைக் கொறித்து அணை கட்டும் பீவர்கள் அடைத்த ஓடைச் சேற்றுக்கு நடுவே வந்து நின்றோம். முழங்கால்வரை சேறு. கம்பத்தை நட்டால் மறுநாள் காணாமல் போகும். ஹார்லன் அந்தக் கரையைக் காட்டினார். "அங்க நடுய்யா. எவன் கயிறு கட்டி அளக்கப்போறான்?" நட்டேன். இரண்டு பாட்டில் பீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

இதைப் பாறைக்குக் கீழே நின்று அப்படியே சொன்னேன்.

"வேற சாட்சி?" என்றார் டிரென்ட்.

"ஹார்லன்தான். செத்துட்டார்."

"அப்ப உயிரோட இருக்கற ஒரே சாட்சி, கருவி நிராகரிக்கப்பட்ட ஆள்," என்றார் லைல். டார்லீன் அதை அடிக்கோடிட்டாள்.

"சரி. தூண் ஐநூறுலதான் இருக்குன்னா, சங்கம் குடுத்த தூர அட்டையில ஐநூறுக்குப் போட்டிருக்கற கணக்குப்படி சுட்டா இரும்பு மான்மேல குண்டு பட்டிருக்கணுமே. ஏன் நீங்க எல்லாரும் ஒண்ணரை அடி மேல குறி வெக்கறீங்க?"

இதற்குத்தான் அவர்கள் காத்திருந்ததுபோல் ஐந்தாறு பேர் ஒரே குரலில், "ஓடை இழுப்பு," என்றார்கள்.

ஓடை இழுப்பு என்பது அறுபத்து மூன்றாம் பக்கம். ஓடையின் குளிர்காற்று குண்டைக் கீழே இழுக்கிறது, ஆகவே உறுப்பினர் ஒன்றரை அடி மேலே குறி வைக்க வேண்டும். படம் போட்டிருக்கிறது. நீல அம்புக்குறிகள். லைலே அதைப் பற்றி இரண்டு தடவை பக்கத்து மாவட்டத்தில் போய்ப் பேசியிருக்கிறார்.

மறுவாரம் கூட்டத்துக்கு ஒரு புதுச் சுருள் கம்பியோடு போனேன். கூட வெர்ல். அவனும் நானும் இருபது வருடம் ஒன்றாக வேலி போட்டவர்கள். எல்லார் கண்ணெதிரிலும் பாறையிலிருந்து தூணை நோக்கிக் கம்பியைப் பிரித்துப் போனோம். சுருள் தீர்ந்து முனை கையில் வந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு நின்றேன்.

"இது நானூத்து நாப்பது," என்று கத்தினேன். "தூண் ஐநூறுன்னா இங்கேர்ந்து அறுவது கஜம் இருக்கணும். வந்து எட்டு வெச்சுப் பாருங்க. நூத்துக்கு மேல இருக்கு."

யாரும் எட்டு வைக்கவில்லை. டிரென்ட் வெள்ளைக் கையுறையைப் போட்டுக்கொண்டு பச்சைப் பெட்டியைத் திறந்து, பாறையிலிருந்து என்னையே அளந்தார்.

"402," என்றார்.

லைல் பெருமூச்சு விட்டார். "கம்பியில முப்பத்தெட்டு கஜம் கொறையுது. பாவம் ஐனர், இத்தன வருஷமா இவரையும் ஏமாத்தியிருக்காங்க."

அன்றே தீர்மானம். முள்கம்பித் தொழிற்சாலையைக் கண்டித்து ஒன்று. தொழிற்சாலைக்குக் கடிதம் எழுத மூன்று பேர் குழு ஒன்று. தூணை இழிவுபடுத்திய உறுப்பினர் ஐனர், தூண் ஐநூறு கஜத்தில்தான் இருக்கிறது என்று எழுதி மூன்று பிரதியில் கையெழுத்துப் போட்டால் ஒழிய அவருக்குச் சாவி இல்லை என்று ஒன்று.

"போட்டுத் தொலைய்யா," என்றான் வெர்ல், வண்டியில் வரும்போது. "ஒரு கையெழுத்து. ஆடு முக்கியமா, தூண் முக்கியமா?"

"குழி தோண்டினவன் நான்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. நான் தோண்டின குழி எங்க இருக்குன்னு எனக்கே அவன் எழுதிக் குடுக்கறான். அதுல நான் பேர் எழுதணுமாம்."

வெர்ல் கியரை மாற்றினான். "கெழட்டுக் கழுதை," என்றான், மரியாதையாகத்தான்.

அவன் புத்திசாலி. சங்கத்தின் பச்சைப் பெட்டிக் கருவியை வாங்கி, சாவி வாங்கி, நவம்பர் முதல் வாரம் எல்க் வேட்டைக்குப் போனான். நாலாம் நாள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தான். நல்ல ஆண் எல்க், கருவி சொன்ன தூரத்துக்குத் துப்பாக்கித் தொலைநோக்கியின் திருகைத் திருப்பி, மூச்சை அடக்கிச் சுட்டிருக்கிறான். குண்டு காலடியில் பனியைக் கிளப்பியதாம். எல்க் அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தே போனதாம்.

"ஓடலையா?"

"நடந்துது. அதான் வயிறு எரியுது."

அந்த மாதம் முழுக்க இதே கதை. உறுப்பினர்கள் மலையெங்கும் எல்க்குகளின் காலடியில் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சங்கம் ஒரு சுற்றறிக்கை விட்டது. ஓடை இல்லாத இடத்திலும் ஓடை இழுப்பு பரவுகிறது, காரணம் ஆராயப்படுகிறது, அதுவரை உறுப்பினர்கள் காலை உணவில் காப்பியைக் குறைக்கவும். அதில் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரவு படுத்தபடி அதை மூன்று தடவை படித்தேன். நன்றாகத் தூக்கம் வந்தது.

ஆனால் நாள் போய்க்கொண்டிருந்தது. நவம்பர் இருபது. கதவுக்கு வெளியே நின்று தொலைநோக்கியில் பார்த்தால் மலைமேல் கிடா தெரிந்தது. கொம்பு முழுவட்டம் சுற்றி நுனி தேய்ந்த கிழட்டுப் பெருங்கொம்பன். அதுவும் ஒரு முழங்காலைத் தாங்கித்தான் நடந்தது. அடுத்த குளிர்காலத்தை இந்த மலைமேல் இரண்டு பேருமே பார்க்கப் போவதில்லை.

வேலிக்காரனுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டான். அளப்பான்.

வெர்லின் கருவியைக் கடன் வாங்கினேன். சங்கத்தில் தோட்டாவும் ஒரே வகைதான், துப்பாக்கியின் துளையும் ஒரே அளவுதான், அதற்கும் ஒரு தீர்மானம் உண்டு. அதே தோட்டாவில் ஒரு பெட்டி வாங்கினேன். என் நிலத்தில் கம்பி இழுத்துச் சரியாக ஐநூறு கஜத்தில் ஒரு பலகையை நட்டு, இரண்டு நாள் காலையில் சுட்டுப் பார்த்தேன். வெர்லின் கருவி பலகையை 457 என்றது. 457-க்கு அட்டையில் போட்டபடி திருகைத் திருப்பிச் சுட்டால், குண்டு குறிக்குக் கீழே ஒரு சாணும் நாலு விரலும் தள்ளி விழுந்தது. இருபது தடவை சுட்டேன். இருபதும் அங்கேயே, ஒரு உள்ளங்கைக்குள்.

நவம்பர் இருபத்தைந்து. சங்கத்தின் ஆண்டு விழா. மாவட்டமே வரும், பீன்ஸ் குழம்பும் ஆப்பிள் பணியாரமும் போடுவார்கள், லைல் சுட்டுக் காட்டுவார். அன்று விடியும்போதே வெர்லும் நானும் இரும்புக் கதவிலிருந்து கம்பி இழுத்தோம். ஒரு சுருளும் அறுபது கஜமும். முனை வந்த இடத்தில் ஒரு கல்லுக்குச் சிவப்படித்தேன். நடுவில் ஓடை இல்லை. கதவுக்குப் பின்னால் குண்டைத் தாங்க மண்மேடு. பிறகு கதவில், பூட்டுக்கு நேர் மேலே, பத்து அங்குல இரும்புத் தகடு ஒன்றைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டேன். அதன் நடுப்புள்ளிக்கும் பூட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கையால் இரண்டு தடவை அளந்தேன். ஒரு சாணும் நாலு விரலும்.

மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு லைலிடம் போனேன்.

"தலைவரே, நான் யோசிச்சுப் பாத்தேன். கையெழுத்துப் போட்டுடறேன்."

அவர் வாய் நிறையப் பணியாரத்தோடு நிமிர்ந்தார்.

"ஆனா நான் படிக்காதவன். கண்ணால பாத்தாத்தான் புத்தியில ஏறும். அங்க கதவுல ஒரு தகடு கட்டியிருக்கேன். அந்தச் சிவப்புக் கல்லுலேர்ந்து உங்க கருவியால அளந்து, அட்டைப்படி சுட்டு அதை அடிச்சீங்கன்னா, மூணு பிரதி என்ன, முப்பது பிரதியில போடறேன்."

"அடிக்கலைன்னா?"

"ஒண்ணும் வேண்டாம்."

அவர் சுற்றிலும் பார்த்தார். நூறு பேராவது கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் கேட்காத பந்தயத்தை மறுக்க லைலுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

"ஐனர், உங்க வயசுக்கு மரியாதை குடுத்து ஒத்துக்கறேன்," என்றார். "ஒரு சங்கம் வளருதுன்னா என்ன அர்த்தம் தெரியுமா? கேள்வி கேக்கறவங்க கொறையறாங்கன்னு அர்த்தம்."

கூட்டம் கதவை ஒட்டிய பாதையிலிருந்து விலகிச் சிவப்புக் கல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. டிரென்ட் வெள்ளைக் கையுறையோடு அளந்தார். "457." டார்லீன் எழுதினாள். லைல் அட்டையைப் பார்த்துத் திருகைத் திருப்பினார். பனியில் பாய் விரித்துப் படுத்தார். காற்றே இல்லை. எல்லாம் புத்தகத்தில் இருப்பதுபோல் செய்தார். நன்றாகச் சுடுவார் என்று முன்பே சொன்னேன்.

முதல் வேட்டு. ஒரு கணம் கழித்து 'டங்' என்று இரும்புச் சத்தம். எல்லோரும் கைதட்டினார்கள். நிலைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த டிரென்ட் மட்டும் தட்டவில்லை.

"எங்க பட்டுது?" என்றார் லைல்.

"கதவோட கீழ்ச் சட்டத்துல. பூட்டுக்குப் பக்கத்துல."

"காப்பி," என்றார் லைல். "ரெண்டு கோப்பை குடிச்சுட்டேன்." இன்னும் நிதானமாக மூச்சை விட்டார். இன்னும் கவனமாகத் தகட்டின் நடுப்புள்ளியில் குறி வைத்தார்.

இரண்டாவது வேட்டு. இந்தத் தடவை சத்தம் வேறு மாதிரி இருந்தது. பித்தளை உடையும் சத்தம். சங்கிலி நழுவிப் பனியில் விழுந்தது. கீல் சாய்ந்த கதவு, தன் வழக்கப்படி, யாரும் தொடாமல் மெதுவாகத் திறந்துகொண்டது. தகடு ஒரு கீறல்கூட இல்லாமல் அதில் ஆடிக்கொண்டே போனது.

யார் கையிலிருந்தோ கரண்டி விழுந்தது.

"தகட்டுல படலையே, லைல்," என்றாள் டார்லீன். அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. குறிப்பில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை, பாவம்.

லைல் எழுந்தார். முழங்காலில் ஒட்டிய பனியைத் தட்டினார். ரொம்ப நேரம் தட்டினார். நிமிர்ந்தபோது முகம் சரியாகிவிட்டிருந்தது.

"நான் தகட்டைச் சுட்டேன்னு யார் சொன்னது?"

கூட்டம் அவரையே பார்த்தது.

"பத்து அங்குலத் தகட்டை எவன் வேணா அடிப்பான். நான் பூட்டைக் குறி வெச்சேன். மொத குண்டு தூரம் பாக்க. ரெண்டாவது பூட்டுக்கு." குரல் ஏறிக்கொண்டே போனது. "பாத்தீங்களா? சங்கம் அங்கீகரிச்ச கருவி, உள்ளங்கை அகலப் பூட்டை உடைக்குது. இதுக்கு மேல என்ன நிரூபணம் வேணும்?"

இடி மாதிரி கைதட்டல். உடைந்த பூட்டைப் பார்க்க எல்லோரும் கதவுவரை நடந்து போனோம்; டிரென்ட் அங்கேயே நூற்றுப் பத்தொன்பதாம் பக்கத்துக்கு ஒரு பத்தி சொல்ல ஆரம்பித்தார்.

நான் தொப்பியைக் கையில் பிடித்தபடியே நின்றேன். "அப்ப பூட்டைத் தெரிஞ்சேதான் தொறந்தீங்க, தலைவரே?"

"தெரிஞ்சேதான்."

"தவறிப்போய்ப் படலையே?"

"என்னய்யா கேள்வி இது? என் குண்டு தவறிப்போய் எங்கயும் படாது."

"உங்க கையால தொறந்தீங்க."

"என் கையாலதான், என் கையாலதான்."

"டார்லீன், எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் கண்ணு. தலைவர் தன் கையால கதவைத் தொறந்தார், மணி ஒண்ணு நாப்பது."

ஹார்லனின் பலகை எல்லோருக்கும் தெரிகிற இடத்தில்தான் இருந்தது. மூன்றாவது வரியை லைல் படித்ததை நான் பார்த்தேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தார். தவறிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதவு மூடிய கதவாகவே இருந்திருக்கும். அந்த வார்த்தைக்காக நான் நின்று காத்திருந்தேன், போதுமான நேரம். அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கையை ஆட்டினார். பின்னால் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெர்ல் என் பையையும் துப்பாக்கியையும் வண்டியிலிருந்து எடுத்துவந்து கொடுத்தான். "கெழட்டுக் கழுதை," என்றான். சிரிக்காமல் இருக்க மீசையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

கதவு திறந்திருந்தது. திறந்தே விட்டுவிட்டு நடந்தேன்.

பின்னால் பேச்சு கேட்டது. சிவப்புக் கல்லில் 457 என்று எழுதி வைப்பது என்றும், வருடா வருடம் அங்கே தொப்பியைக் கழற்றுவது என்றும், தகட்டிலிருந்து பூட்டுக்குக் குண்டை இழுத்தது கதவு இழுப்பா ஓடை இழுப்பா என்று ஆராய ஒரு குழு என்றும். டிரென்ட் என் முதுகைப் பார்த்துக் கருவியை அமுக்கியிருக்க வேண்டும். "நூத்துப் பத்து," என்று கத்தினார். இல்லை என்று எனக்குத் தெரியும். நான் ஒவ்வொரு எட்டையும் எண்ணிக்கொண்டுதான் நடந்தேன், நூற்றிருபது. திரும்பிச் சொல்லவில்லை.

சரிவில் கொஞ்சம் ஏறிய பிறகு, சட்டைப்பையிலிருந்த என் கருவியை எடுத்து மேலே நின்ற கிடாவைப் பார்த்து அமுக்கினேன். 868 என்றது. இருக்கலாம். அதை மறுபடி பையில் போட்டுக்கொண்டு, இருநூறு கஜம் என்று கண் சொல்கிறவரை போகலாம் என்று நடந்தேன்.